சத்தமில்லாமல் கிளாஸை வைப்பவள்

ரிங்லெட் என்ற மலையூரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எப்போதாவது சிறுகதை எழுதுவேன். அதில் ஒன்றைப் படித்துவிட்டுத்தான் கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண் இயக்குநர் கூப்பிட்டார். குடியில் சிக்கிய ஒரு பெண் எழுத்தாளரைப் பற்றிய குறும்படம். நாயகி தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள். வசனம் எங்கள் பேச்சாக இருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். கதையைக் கேட்டதுமே முடியாது என்றிருக்கலாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, படப்பிடிப்பு நாளான சனிக்கிழமை வரை சரியாகச் சாப்பிடவில்லை.

பிரிஞ்சாங்குக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஒருவர் காலி செய்துபோன வீட்டில் படப்பிடிப்பு. நடிகைக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். ஆறிப்போன தேநீரைக் கிளாஸில் ஊற்றி, அதுதான் பிராந்தி என்றார்கள். அவர் தள்ளாடினார், மேசையில் மோதினார், கிளாஸைப் போட்டு உடைத்தார், அழுதார். என்னால் உட்கார முடியவில்லை. வெளியே போய்த் தேயிலைச் செடிகளின் ஓரமாக நடந்தேன். திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன். மூன்றாவது முறையும் அவர் தள்ளாடியபோது வாய் தானாகத் திறந்துவிட்டது.

"அவ தள்ளாட மாட்டாம்மா."

எல்லோரும் திரும்பினார்கள்.

"மத்தவங்களவிட நேரா நடப்பா, தெரிஞ்சிடக் கூடாதுன்னு. கிளாஸக்கூட சத்தம் வராமத்தான் வெப்பா."

"யாரையாச்சும் பாத்திருக்கீங்களா டீச்சர்?" என்றார் இயக்குநர்.

"பக்கத்து வீட்டுல ஒருத்தவங்க இருந்தாங்க லா."

பக்கத்து வீட்டில் அப்படி யாரும் இல்லை. கணவருக்கு ஈப்போவில் வேலை. வாரக் கடைசியில்தான் சந்திப்போம். மற்ற நாட்களில் ஆசிரியர் குவார்ட்டர்ஸ் வீட்டில் நான் மட்டும். குளிருக்கு என்று ஆரம்பித்தது, எழுதுவதற்கு என்று ஆனது, பிறகு காரணமே தேவைப்படவில்லை. ஊரில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று மலையிறங்கித் தாப்பாவில் வாங்குவேன். இரண்டு வருஷம் அப்படிப் போனது. ஒரு நாள் காலை சொல்வதெழுதுதல் நோட்டுகளை வாங்கிப் பார்த்தால், எல்லாப் பிள்ளைகளும் ஒரே பத்தியை இரண்டு முறை எழுதியிருந்தார்கள். நான்தான் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். ஒரு பிள்ளைகூட அதைச் சொல்லவில்லை. அவர்களுக்குப் பழகிப் போயிருந்தது. அந்த வாரமே மருத்துவரிடம் போனேன். அப்படியும் குடியை முழுதாக விட ஏழெட்டு மாதமானது. அது நடந்து இப்போது நான்கு வருஷமாகிறது.

மதியம் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையிலிருந்து சோற்றுப் பொட்டலங்கள் வந்தன. நடிகை தன்னுடையதை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், அந்தப் பக்கத்து வீட்டுக்காரங்க காலையில எந்திரிச்சதும் என்ன செய்வாங்க?"

"முந்தின நாள் எழுதுனத தேடுவாங்க. பிரமாதமா எழுதியிருக்கோம்னு நெனப்பு இருக்கும். எடுத்துப் பாத்தா, அவங்க கையெழுத்தே அவங்களுக்குப் புரியாது."

அவர் கைப்பேசியை எடுத்து, 'பக்கத்து வீட்டுக்காரங்க' என்று தலைப்பிட்டு நான் சொன்னதைக் குறித்துக்கொண்டார். அது எனக்குத் தாங்கவில்லை.

"அது நான்தான்லா," என்றேன்.

அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "எப்படி வெப்பீங்கன்னு காட்டுறீங்களா?" என்று கிளாஸை நீட்டினார். சுண்டு விரலை முதலில் மேசையில் ஊன்றி, அதன்மேல் கிளாஸை இறக்கி, விரலை மெல்ல உருவினேன். சின்னச் சத்தம்கூட இல்லை. கை எதையும் மறந்திருக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

சில மாதம் கழித்து ஈப்போவில் ஒரு சிறிய மண்டபத்தில் படத்தைத் திரையிட்டார்கள். கணவரோடு போனேன். கிளாஸை வைக்கும் காட்சி வந்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன்.

"பாவம் அந்தப் பொண்ணு," என்றார் காரில். "கூட இருக்கறவங்க யாருக்கும் தெரியலையே."

"நானும் அப்படித்தாங்க இருந்தேன். ரெண்டு வருஷம். உங்களுக்குத் தெரியாம."

காரை ஓரமாக நிறுத்தினார்.

"இப்ப இல்லதானே?"

"இல்லங்க."

அந்த வாரம் ஈப்போவிலிருந்து மூன்று முறை கூப்பிட்டார். மழையைப் பற்றி, ரோட்டைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசியில் அதையே கேட்டார். ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வந்தது. ஒவ்வொரு முறையும் இல்லை என்றேன்.