டாக்டரிடம் சொல்லாத தொட்டி

வலது ஆள்காட்டி விரலின் நடு மூட்டில் கடலைப் பருப்பு அளவு ஒரு வீக்கம். அவ்வளவுதான் ஆரம்பம்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பரிசோதனை மேசையில் இருந்தேன். தைத்து வரும் மேல்பாகங்களை விளக்கடியில் வைத்து விரலால் தடவிப் பார்ப்பதுதான் வேலை. கண்ணுக்குத் தப்பும் சுருக்கமும் தளர்ச்சியும் விரலுக்குத் தப்பாது. அன்று காலை தோலில் மேடு தட்டுகிறது என்று மூன்று ஜோடிகளைத் தள்ளி வைத்தேன். பக்கத்து மேசை ஷாஹீன் அவற்றை எடுத்துத் தடவிவிட்டு, ஒன்றும் இல்லையே என்றாள். மேடு தோலில் இல்லை, என் விரலில் இருந்தது.

வலி இல்லை. இரண்டு வாரத்தில் வீக்கம் ஊதா நிறமாகி உடைந்தது. பிறகு மணிக்கட்டுக்கு மேல் இன்னொன்று வந்தது.

எங்கள் ஊரில் கையில் புண் என்றால் யாரும் ரொம்ப யோசிப்பதில்லை. "குரோம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். தோல் பதப்படுத்தப் போடும் உப்பு அது, சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஷாஹீன் அதைத்தான் சொன்னாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரும் கேட்காமலே அதைத்தான் சொன்னார். தோல் டாக்டரிடம் போனேன். (தோல் டாக்டர் என்றால் மாட்டுத் தோலுக்கா, மனுஷத் தோலுக்கா என்று எங்கள் ஊரில் கேலி செய்வோம்.) கையால் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். ஷூ கம்பெனி என்றேன். வீட்டில்? சமையல், பாத்திரம், துணி என்றேன். ஒவ்வாமை என்று எழுதி ஸ்டீராய்டு களிம்பு (வீக்கத்தை அடக்கும், கூடவே உடம்பின் எதிர்ப்பையும் அடக்கும் மருந்து) கொடுத்தார். சீழை எடுத்துச் சோதித்தார்கள். கிருமி எதுவும் வளரவில்லை என்று வந்தது.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கேட்டதற்கு நான் பதில் சொன்னேன்.

கோபம் எல்லாம் கம்பெனிமேல் இருந்தது. எனக்கு மூக்குநுனியில் கோபம். மொத்த லைனும் பார்க்க மேனேஜரிடம் போய், "உங்க தோலு என் கைய தின்னுட்சி சார்" என்றேன். பேக்கிங்குக்கு மாற்றிவிடுகிறேன் என்றார் அவர். பதினோரு வருடம் விரலால் பேர் வாங்கியவள் அட்டைப் பெட்டி மடிக்கவா என்று, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து வீட்டில் அடைந்தேன்.

வீட்டில் நானும் என் மாமியாரும் மட்டும். கணவர் சேகர் எத்தியோப்பியாவில் ஒரு தோல் தொழிற்சாலையில் டெக்னீஷியன். போய் இரண்டு வருடமாகிறது. கூடத்தில் நாலடி நீளத்துக்கு அவர் ஆசைப்பட்டு வைத்த கடல் மீன் தொட்டி. கடல் பாறைத் துண்டுகளை அடுக்கி, உப்பு நீர் நிரப்பி, பவளம் வளர்க்கும் தொட்டி அது. அவர் போன பிறகு நான் தீனி போட்டதோடு சரி. ஒரு பம்பு நின்றுபோனது. கற்கள் சரிந்து கண்ணாடியில் சாய்ந்துகொண்டன. பின்பக்கம் தண்ணீர் ஓடாமல் கறுப்புச் சேறு சேர்ந்தது. இரண்டு கோமாளி மீன்களும் ஒரு ரூபாய் அளவு பச்சைப் பவளமும்தான் மிச்சம்.

விரல் வீங்குவதற்கு ஒரு மாதம் முன்பு கம்பெனியில் ஒரு வாரம் லீவு விட்டார்கள். அப்போதுதான் தொட்டியில் கை வைத்தேன். கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, உப்பு நீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, திரும்ப அடுக்கினேன். கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவே நான்கு விரல் இடம் விட்டால்தான் தண்ணீர் சுற்றி வரும். அடுக்கினால் சரியும், மறுபடி அடுக்குவேன். புதுத் தண்ணீருக்குக் கேன் தண்ணீரில் உப்புப் பொடி கலக்க வேண்டும். எங்கள் போர் தண்ணீரோ ஊர்த் தோல் தொழிற்சாலைகளின் புண்ணியத்தில் வாயில் வைக்க முடியாத உப்பு. அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்ல தண்ணிய கேன்ல வாங்கி அதுல உப்பு கொட்ற. போர திருப்பி உட்டா போதாதா?" என்றார்.

வேலையை விட்ட பிறகு எனக்கு இருந்தது அந்தத் தொட்டி ஒன்றுதான். காலையில் களிம்பு தடவுவேன். பத்து மணிக்கு முழங்கை வரை தொட்டிக்குள் விடுவேன். தோலைத் தொட்டே இரண்டு மாதம் ஆகியும் கை மோசமாகிக்கொண்டே போனது. முழங்கைக்குக் கீழே வரிசையாக நான்கு முடிச்சுகள். விரல் மடங்கவில்லை. குரோம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள் தெரிந்தவர்கள்.

கடைசியில் வேலூருக்குப் போனேன். ஆஸ்பத்திரி நடைபாதையில் நான்கு மணி நேரம். என் முறை வந்தபோது உள்ளே என் வயதில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். அதே கேள்வி, அதே பதில். அவர் விரலை மடக்கிப் பார்த்தார், முடிச்சுகளை எண்ணினார்.

"வேலைன்னு நீங்க நினைக்காதது ஏதாவது இருக்காம்மா? சும்மா, பொழுதுபோக்குக்கு கையால செய்றது?"

"மீன் தொட்டி இருக்கு டாக்டர்."

"நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?"

"உப்பு."

அவர் பேனாவை மூடி வைத்தார். எப்போதாவது கையில் வெட்டுப்பட்டதா என்று கேட்டார். அப்போதுதான் ஞாபகம் வந்தது. கல் அடுக்கும்போது விளிம்பு கீறி, மூட்டில் சின்னதாக ரத்தம் வந்தது. மஞ்சள் வைத்துவிட்டு அடுத்த கல்லை எடுத்தேன்.

பயாப்ஸி (சிறு சதைத் துண்டை வெட்டி எடுத்துச் செய்யும் சோதனை) எடுத்தார்கள். மீன் வாழும் தண்ணீரில் இருக்கும் ஒரு கிருமி அது. காசநோய்க் கிருமிக்குப் பங்காளி. ஆனால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. உடம்புச் சூட்டை விடக் கொஞ்சம் குளிர்ச்சியில்தான் வளரும். அதைச் சொல்லி அனுப்பினால்தான் ஆய்வகத்தில் அதற்கேற்ற சூட்டில் வைத்துப் பார்ப்பார்கள். முதல் சோதனையில் ஏன் ஒன்றும் வளரவில்லை என்று அப்போது புரிந்தது. சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் தொட்டி இருந்தால், ஆறாத புண் இருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

விரலின் தசைநாண் உறையை (விரலை மடக்கும் நாண் ஓடும் குழாய்) திறந்து சுத்தம் செய்தார்கள். விரல் பிழைக்கும், எவ்வளவு மடங்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். என் பிழைப்பே அந்த ஒரு விரல். மூன்று விதமான மாத்திரைகள், பல மாதங்களுக்கு. ஒன்று சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். இன்னொன்று கண்ணின் நிறப் பார்வையைக் கெடுக்கலாம் என்று மாதா மாதம் புள்ளிப் படங்களைக் காட்டி எண் கேட்பார்கள். விரலோடு கண்ணும் போனால் என்ன செய்வேன் என்று அந்த அறையில் ஒவ்வொரு முறையும் பயந்தேன்.

தொட்டியில் கை வைக்கவே கூடாது என்று உத்தரவு. சேகர் போனில் கேட்டுவிட்டு, "தூக்கிப் போட்ரு கலை, இன்னா பெரிய மீனு" என்றார். எனக்கு மனசு வரவில்லை. வாங்கியவர் அவர்தான். ஆனால் யாரும் சொல்லாமல், யாருக்காகவும் இல்லாமல் நான் செய்த ஒரே காரியம் அந்தக் கற்களை அடுக்கியது. அதுதான் என்னை இப்படிச் செய்தது என்பதை நினைத்து அழுதிருக்கிறேன்.

கை பட்டையில் கட்டிக் கிடக்க, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நாள், கிழமை மறந்துபோனது. தேய்த்து வெளுத்த கற்களில் இளஞ்சிவப்பாக ஒரு பூச்சு வளர ஆரம்பித்தது. தொட்டி தேறுகிறது என்பதற்கு அடையாளம் அது. கடுகளவு புள்ளி நகத்தளவு ஆனபோது தையல் பிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. காலண்டரை விட்டு அதைப் பார்க்கப் பழகினேன்.

ஒரு நாள் மத்தியானம் மேல் கல் சரிந்தது. நான் விட்ட நான்கு விரல் இடைவெளியில் விழுந்து, உள்ளே இருந்த பெரிய மீனைக் கண்ணாடியோடு அடைத்துவிட்டது. வால் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இடது கைச் சட்டையை மடித்து மூடியைத் திறந்துவிட்டேன்.

"கைய எடு," என்றார் அத்தை பின்னாலிருந்து. அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. பரணிலிருந்து சேகரின் பழைய ரப்பர் கையுறையை இறக்கினார். தொழிற்சாலையில் போடுவது, முழங்கைக்கு மேலே வரும். அதை மாட்டிக்கொண்டே சொன்னார்: "சுண்ணாம்புத் தொட்டியில வெறுங்கைய உட்டு இருபது வருஷம் தோலு இழுத்தவ நான். அப்ப இத ஒருத்தன் குடுக்கல. எந்தக் கல்லுன்னு சொல்லு."

சொன்னேன். இடது, கொஞ்சம் மேலே, தூக்காமல் சாய்க்க வேண்டும். கல் நகர்ந்தது. மீன் ஒரு நிமிடம் அசையாமல் இருந்துவிட்டு மெல்ல வெளியே வந்தது. அத்தை கையுறையோடு அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கேன் தண்ணீரைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

மாத்திரை முடிந்ததும் கம்பெனிக்குப் போனேன். எந்த லைன் முன்னால் கத்தினேனோ அதே லைன் முன்னால் நின்று, புண் தோலால் வரவில்லை, என் வீட்டுத் தொட்டியால் வந்தது என்றேன். ஷாஹீன் மட்டும், "கம்பெனிய திட்டுனது போதும், இனிமே மீன திட்டு" என்றாள். மேனேஜர் மறுபடி பேக்கிங் என்றார். இந்த முறை சரி என்றேன்.

விரல் பாதி வரை மடங்கும், அங்கேயே நின்றுவிடும். நுனியில் உணர்ச்சி கம்மி. காலையில் விழித்ததும் முதலில் அதை மடக்கிப் பார்க்கிறேன். தினமும் ஒரே இடத்தில் நிற்கிறது. உடம்பு எனக்குச் சொந்தம் என்று நினைத்திருந்தேன். இப்போது அதன் பேச்சுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் வேலூரில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "கையால என்னென்ன பண்ணுவீங்க, எல்லாத்தையும் சொல்லுங்க" என்றார். வெளியே வரிசை நீளமாக இருந்தது. நான் அவசரப்படவில்லை. கோலம், மாவு பிசைவது, துணி பிழிவது, அத்தைக்குத் தைலம் தேய்ப்பது, பெட்டி மடிப்பது, பூ கட்டுவது. அவர் இரண்டாவது தாளை எடுத்தார்.

மீன் தொட்டியை முதலிலேயே சொல்லிவிட்டிருந்தேன்.