மிதிவெடிக்குப் பக்கத்தில் ஒரு செபம்

மிதிவெடி அகற்றுற எங்களுக்கு நாள் முழுக்க முழங்காலிலதான் வேலை. ஆனா மாதா கோயிலில மட்டும் நான் முழங்காலில நிக்கிறேல்லை. கணவர் காணாமல் போன பிறகு ஆண்டவரோட எனக்குக் கதை பேச்சில்லை.

அண்டைக்கு மண்ணை மெல்லச் சுரண்டேக்க, பச்சை நிறத்தில ஒரு விளிம்பு தெரிஞ்சுது. உடன கையை எடுத்திட்டுப் பின்னுக்குப் போக வேணும். எனக்கெண்டால் கால் ரெண்டும் அசையேல்லை. முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி வெடி.

தூரத்தில வேலை செய்த கலா கண்டிட்டாள். அவள் சைவப் பிள்ளை. கிட்ட வரக்கூடாது எண்டபடியால், நிண்ட இடத்திலயே கத்தினாள்.

“அக்கா, உங்கட மாதாவைக் கூப்பிடுங்கோ!”

“எனக்கு வாய் வராதடி!”

“அப்ப நான் சொல்லுறன்.”

கன்னியாஸ்திரிமாரின்ர பள்ளிக்கூடத்தில படிச்சவள். மாதா செபத்தைச் சத்தமாச் சொல்லத் தொடங்கி, நடுவில ஒரு வரியை விட்டிட்டாள். எனக்குச் சரியான கோபம்.

“அப்பிடியில்லை!” எண்டு முதலிலயிருந்து நானே சொன்னன். சொல்லி முடியேக்க நெஞ்சு அடங்கியிருந்தது. ஒரு காலைப் பின்னுக்கு வைச்சன். பிறகு மற்றக் காலை.

கணவர் இன்னும் வரேல்லை. ஆண்டவரோட இப்பவும் சண்டைதான், ஆனா மாதா கோயிலில முழங்காலில நிண்டு சண்டை பிடிக்கிறன். பிடிச்சிட்டு வந்து படுத்தால், நல்லா நித்திரை வருது.