அண்ணாவுக்காக நான் சொன்ன "இல்லை"

எங்கள் அண்ணா சாம்பல்தீவில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். நான் கடைசி. சிறு வயதிலேயே அவருடைய காதுகளில் சீழ் வடியத் தொடங்கியது; வளர வளரக் கேட்கும் திறனும் போய்விட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர் பலர், கலியாண வீடுகளில் "சீழ் மணக்குது" என்று அவரைக் கடைசிக் கதிரைக்கு அனுப்பியவர்கள். அண்ணா கோபிக்கவில்லை. காதுப் பஞ்சை மாற்றிக்கொண்டு அங்கே போய் இருந்தார். தோட்டம் செய்து எங்கள் நால்வரையும் கரைசேர்த்தவர் அவர்தான்.

யார் எதைக் கேட்டாலும் அவருக்காகப் பதில் சொன்னது நான். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

சீழ் எலும்பை அரித்துவிட்டது, மூளைக்கு ஏறுமுன் வெட்ட வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்க ஒரே ஒரு டொக்டர். அவசர நோயாளி வந்தால் காது நோயாளி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மூன்று முறை திரும்பி வந்தோம். நான்காம் முறை சல்லி அம்மனுக்கு நேர்த்தி வைத்தேன். வெறும் வயிற்றோடு அனுப்ப மனம் வராமல், காலையில் பால் தேத்தண்ணியும் ஊற்றினேன்.

"ஒண்டும் சாப்பிடக்கூடாது எண்டவையெல்லே?" என்றார் அண்ணா.

"தேத்தண்ணி சாப்பாடே? குடியுங்கோ."

என் உதட்டசைவைப் பார்த்துவிட்டுக் குடித்தார்.

சத்திரசிகிச்சைக்கூடத்து வாசலில் அந்த மயக்க மருந்து டொக்டர் அண்ணாவின் முன் குனிந்து, முகக்கவசத்தை இறக்கி, ஆறுதலாகக் கேட்டார்: "ஐயா, காலமை சாப்பிட்டனீங்களோ? தேத்தண்ணி, பால் ஏதும் குடிச்சனீங்களோ?"

அப்போதுதான் என் பிழை எனக்கு விளங்கியது. அண்ணா வாய் திறந்தார். உண்மையைச் சொன்னால் மறுபடியும் வீடுதான் என்று பயந்து, அவர் கையை அழுத்தினேன்.

"இல்லை டொக்டர். தண்ணிகூடக் குடிக்கேல்லை."

அண்ணா என்னைப் பார்த்து வழமைபோலத் தலையாட்டினார்.

மயக்கத்தில் அந்தத் தேத்தண்ணி மேலெழுந்து சுவாசப்பைக்குள் இறங்கியது. எட்டு நாட்கள் இயந்திரத்தில் மூச்சு விட்டார். ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

நீங்கள் எல்லோரும் அந்த டொக்டரைக் கொலைகாரன் என்றீர்கள். சின்ன மாமா ஆஸ்பத்திரி வாசலில் அவர் சட்டையைப் பிடித்தார். நான் பக்கத்தில் நின்று அழுதேன், உண்மையைச் சொல்லவில்லை. சுவாசப்பையிலிருந்து உறிஞ்சி எடுத்தபோது பாலைக் கண்டவர் அந்த டொக்டர். ஆனாலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பிறகு தனியே சொன்னார்: "குடிச்சவர் எண்டு சொல்லியிருந்தா, பின்னேரம் செய்திருப்பனே, தங்கச்சி."

ஓராண்டாக வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

இந்தத் திவசத்துக்கு வந்தவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், சமைத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த டொக்டருக்கு என்னுடைய நன்றி தனி. அண்ணாவிடமே நேரே கேட்டு, அவர் பதிலுக்காகக் காத்து நின்ற ஒரே மனிதர் அவர். பதில் சொல்ல விடாதவள் நான்.

கடைசித் தங்கை