கல்லாய் இறுகிய கிளட்ச்

சலவைக் கடைக்காரருக்குத் தெரு வைத்த பெயர் சிஐடி. பால் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். விடுதிகளுக்கு வெளுத்த விரிப்புகளைக் கொண்டுபோகும் வேனைக் காலையில் அவரும் மதியத்துக்கு மேல் அவர் மனைவியும் ஓட்டினார்கள்.

அந்த வேனின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒருநாள் மேட்டில் ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டது. அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

"தானா கியர் மாத்துற வண்டியை நான் என்னைக்கும் நம்பினதில்ல. மேனுவலா மாத்திடு மாப்ளே" என்றார் மெக்கானிக்கிடம். மெக்கானிக் அவர் மனைவியின் தம்பி. சந்தேகப்பட அதுவே போதுமானதாக இருந்தது.

பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். வந்த சாமானையெல்லாம் பிரித்து, பழசுக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறதா என்று நகத்தால் சுரண்டினார். கிளட்ச் பிளேட்டின் நடுப்பற்கள் கியர்பாக்ஸ் தண்டில் சரியாக உட்காருகின்றனவா என்று தானே மாட்டிப் பார்த்தார்.

"பிளேட்டை மட்டும் உசத்தியா போடலாம் மாமா, லோடு ஏத்தினாலும் வழுக்காது. அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டு சாதாரணமானதே போதும்."

"எதுக்கு மட்டமானதை என் தலையில கட்டப் பாக்குற? இருக்கிறதிலேயே கெட்டியானதைப் போடு."

"பெடல் கல்லு மாதிரி இருக்கும். முட்டி போயிடும்."

"என் முட்டி, என் கவலை."

மச்சினன் அதையே மாட்டிக் கொடுத்துவிட்டான். ஒவ்வொரு சிக்னலிலும் அவருக்கு உயிர் போயிற்று, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மனைவியோ சீட்டின் நுனிக்கு நகர்ந்து, ஸ்டியரிங்கை இறுகப் பற்றிக்கொண்டு, உடம்பின் பாரம் முழுவதையும் இடது காலில் இறக்கினாள். மிதிக்க முடியவில்லை என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "உன் தம்பி சொல்லிக்குடுத்தானா?" என்றார்.

அவர் வெளியூர் போய் வந்த மறுநாள் காலை, பெடல் மெத்தென்று உள்ளே போனது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. விரிப்பு மூட்டைகளோடு நேராகப் பட்டறைக்கு விட்டார்.

"புதுசுன்னு சொல்லி ஏமாத்திட்டியேடா! பிரஷர் பிளேட்டுல ஸ்பிரிங் செத்துப்போச்சு!"

மச்சினன் தலையைச் சொறிந்தான். "அக்காகிட்ட பேசுங்க மாமா" என்று போனை நீட்டினான்.

"நீங்க ஊர்ல இல்லாதப்ப நான்தான் சாதாரண பிளேட்டா மாத்தச் சொன்னேன்" என்றாள் மனைவி. "நானும்தானே ஓட்டுறேன்? நீங்க கதவைச் சாத்திக்கிட்டு முட்டிக்குத் தைலம் தேய்க்கிறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

போனை மச்சினன் கையில் திணித்தார். வேனை மேட்டுக்கு விட்டார். பாதியில் நிறுத்தி, மறுபடி கிளப்பினார். பிளேட் வழுக்கவில்லை, கருகிய வாடை இல்லை. திருப்தியில்லாமல் திரும்ப இறங்கி, இன்னொரு தடவை ஏறினார். அப்போதும் ஒன்றும் அகப்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி எதிரில் போய் நின்றார்.

"எனக்குத் தெரியாம வேற என்னென்ன மாத்தியிருக்கே?"

"இந்த முனையைப் பிடிங்க, சொல்றேன்" என்று மடிக்க வேண்டிய ஒரு விரிப்பை நீட்டினாள்.

பிடித்துக்கொண்டார்.