முன்பயன்பாடு: இல்லை

குப்பை கொட்ட இடம் தேடி இமெல்டா இரண்டு வருசம் அலைந்தாள். பிரதேச சபையின் திண்மக் கழிவுத் திட்டத்துக்கு அவள்தான் பொறுப்பு. வீட்டிலேயே தரம்பிரித்த குப்பையை வாங்குவது, பிளாஸ்டிக்கை மீள்சுழற்சிக்கு அனுப்புவது, மிச்சத்தைக் கூட்டெருவாக்குவது என்று கடதாசியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இடம்தான் கிடைக்கவில்லை. மூன்று ஊர்களில் சனம் பாதையை மறித்து உட்கார்ந்தது. பழைய குப்பைமேட்டில் யானைகள் பொலித்தீனைத் தின்று செத்துக்கொண்டிருந்தன.

கடைசியில் சபைத் தவிசாளர் சுதாகரன் வரைபடத்தில் விரலை வைத்தார். வாவியோரம், சதுப்பில் நிற்கும் கண்ணா மரங்களுக்குப் பின்னால் பற்றை மண்டிய நாலு ஏக்கர் அரச காணி.

"இதுக்கு ஒருத்தரும் சண்டைக்கு வரமாட்டாங்க, மிஸ்."

அந்தக் காணியை இமெல்டாவுக்குத் தெரியும். சுனாமிக்குப் பிறகு கடற்கரை ஊர்களின் இடிபாடுகளை உழவு இயந்திரங்கள் அங்கேதான் கொட்டின. அப்போது அவளுக்கு இருபது வயது. தற்காலிக வேலைக்குச் சேர்ந்து, வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, வந்த ஒவ்வொரு உழவு இயந்திரப் பெட்டியையும் பதிந்தவள் அவள். அலையில் போன பதினாலு வயதுத் தம்பி ஜூலியன் கிடைக்கவேயில்லை. கிடைக்காதவர்களைத் தேடி அந்த இடிபாடுகளை யாரும் கிளறவுமில்லை. கிளறச் சொல்லி அவளும் கேட்கவில்லை. கேட்டால் தானும் நின்று பார்க்கவேண்டி வரும் என்ற பயம்.

இடத்துக்கான படிவத்தில் 'முன்பயன்பாடு' என்றொரு கட்டம் இருந்தது. அதில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

பெக்கோ மெசின் தோண்டத் தொடங்கிய அன்றே ஒரு தையல் மெசினின் தலை வெளியே வந்தது. பிறகு சோடியில்லாத செருப்புகள், பள்ளிக்கூடத் தண்ணீர்ப்போத்தல் ஒன்று. பட்டப்பகலில், வேலையாட்கள் சோறு தின்னப் போன நேரத்தில், முதுகுக்குப் பின்னால் உழவு இயந்திரம் பெட்டியைச் சரிக்கும் சத்தம் இமெல்டாவுக்குக் கேட்டது. திரும்பினால் பற்றைதான் நின்றது. மறுநாளும் கேட்டது.

மூன்றாம் நாள் ஒரு எலும்பு வந்தது. நீதவான் வேலையை நிறுத்தினார். சட்ட வைத்திய அதிகாரி பார்த்துவிட்டு மாட்டெலும்பு என்றார். எல்லாருக்கும் மூச்சு வந்தது.

"அப்ப நாளைக்குத் தொடங்குவம்," என்றார் சுதாகரன்.

"வேணாம் சேர். நான் எழுதினது பொய்." இமெல்டா முழுவதையும் சொன்னாள்.

அவர் முகம் கறுத்தது. "இருபது வருசம் போயிட்டு. இனிக் கிளறி என்ன வரப்போகுது?"

"தெரியா சேர். ஆனா ஒருக்காவும் கிளறல்லையே."

அவள்மேல் விசாரணை வைத்தார்கள். பதவி உயர்வு போயிற்று. ஆனால் காணியைக் கிளறிப் பார்க்க மூன்று மாதத் தவணையும் கிடைத்தது. மேற்பார்வையாளர் அழகரத்தினமும் ஒன்பது பேரும் பிளாஸ்டிக் பிரிக்க வாங்கிய மேசைகளில் மண்ணை அரித்தார்கள். இமெல்டாவும் கையுறை போட்டு அவர்களோடு நின்றாள். எடுத்த சாமான்களைப் படங்கு விரித்து அடுக்கினார்கள். கோயில்களிலும் தேவாலயங்களிலும் சொல்லி அனுப்ப, கடற்கரைச் சனம் வந்து பார்த்தது.

ஏழாவது வாரம் மனித எலும்புகள் வந்தன. ஒரு பெண், ஒரு பிள்ளை.

"பிள்ளைக்கு ஏழு வயசுக்கு மேல இராது," என்றார் வைத்திய அதிகாரி.

ஜூலியன் இல்லை. இமெல்டாவின் நெஞ்சு ஒரு கணம் இலேசானது. அந்த இலேசுக்காக அவள் பிறகு பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. யாரென்று தெரியாத அந்த இருவரையும் நீதிமன்ற உத்தரவோடு கடற்கரைச் சேமக்காலையில் அடக்கினார்கள்.

இடிபாடு எட்டாத தெற்கு மூலையில் கூட்டெருக் கொட்டகை எழும்பியது. மிச்சக் காணியைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். திட்டம் இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது. யாராவது கேட்டு வந்தால் வேலிக் கதவைத் திறப்பது இமெல்டாதான்.

போன மாதம் மாங்கேணியிலிருந்து சீதேவிப்பிள்ளை என்றொரு அம்மா பஸ்ஸில் வந்தாள். மகளைத் தேடுகிறவள். இருவரும் பற்றைக்குள் மெல்ல நடந்தார்கள். இமெல்டாவின் கண்ணும் நிலத்தையே தடவுவதைக் கண்டு அந்த அம்மா நின்றாள்.

"நீ ஆரைத் தேடுற புள்ள?"

"தம்பிய, அம்மா."

அந்தச் சொல்லை அந்தக் காணிக்குள் அவள் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. பின்னால் பெட்டி சரிந்து கொட்டும் அந்தப் பழைய சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. சீதேவிப்பிள்ளை திரும்பிப் பார்த்தாள்.