கிள்ளை இறாலும் ஒரு மொட்டைக் கடிதமும்

பெயரும் முகவரியும் இல்லாமல் வரும் மனுவின் மீது நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை. பார்வையிட்டு, கோப்பில் சேர்த்து, முடித்துவிடலாம். இதுதான் விதி.

அந்த விதியை நம்பித்தான் நான் ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். அதனால் சிதம்பரம் தெற்கு வீதி முனையில் மாலை நேரத்தில் இறால் வறுத்து விற்ற அமுதா என்ற பெண்ணின் தள்ளுவண்டி பறிபோனது. எழுதியவன் நான். அவள் கையால் இரண்டு ஆண்டுகள் சாப்பிட்டவனும் நான்தான்.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் மன்னிப்பீர்கள் என்பதற்காக அல்ல. அந்த அதிகாரம் உங்களுக்கு வழங்கப்படவில்லை.

அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. வீட்டில் பூண்டுக்கே நாள் கிழமை உண்டு. முட்டை என்ற சொல்லுக்கு இடமில்லை. என் மனைவி கமலாவின் சமையலறையில் சட்டமும் அவளே, மேல்முறையீட்டு அலுவலரும் அவளே. வெளியிலும் எனக்குச் சுத்த சைவம் என்ற பெயர்தான். சில்வர் பீச்சில் நண்பர்கள் மிளகாய் பஜ்ஜி வாங்கினால், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயின் கேடுகளை நின்ற இடத்திலேயே விளக்குவேன். ஒருவரும் பஜ்ஜியைக் கீழே போடவில்லை. என்னைக் கூப்பிடுவதைத்தான் நிறுத்திக்கொண்டார்கள்.

பிரதோஷம்தோறும் சிதம்பரம் போவது என் வழக்கம். அதில் பொய் இல்லை. பஸ் ஏறுவேன், தரிசனம் செய்வேன், நெற்றி நிறைய விபூதி பூசிக்கொள்வேன். பிறகு தெற்குக் கோபுர வாசல் வழியாக வெளியே வருவேன்... அங்கே தொடங்கும் என் இன்னொரு வாழ்க்கை.

விளக்கு வைத்த பிறகு அந்த வீதிகளைப் பார்த்திருக்கிறீர்களா? பகலில் பாத்திரக் கடையும் துணிக்கடையுமாகச் சோம்பிக் கிடக்கும் தெரு, ஆறு மணிக்கு மேல் எழுந்து உட்காரும். கொத்துப் பரோட்டாவின் தகரத் தாளம். சூப் வண்டியின் ஆவி. ஒரே பைக்கில் மூன்று பேராக வந்து இறங்கும் கல்லூரிப் பிள்ளைகள். தட்டைக் கையில் ஏந்தியபடி நின்றுகொண்டே காதல் செய்பவர்கள், நின்றுகொண்டே சண்டை போடுபவர்கள். பணியில் இருந்த காலம் முழுவதும் நான் மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்து மனிதர்களைப் பார்த்தவன். தோளோடு தோள் இடிக்க, எலுமிச்சை பிழிந்த வெங்காயத்தைப் பகிர்ந்துகொண்டு மனிதர்களைப் பார்த்தது அங்கேதான்.

முதல் நாள் வாசனைக்குத்தான் நின்றேன். இரண்டாம் முறை ஒரே ஒரு இறால். மூன்றாம் முறை எனக்கென்று ஒரு ஸ்டூல் இருந்தது.

அமுதா பக்கத்துக் கடலோர ஊரான கிள்ளையிலிருந்து வருபவள். காலையில் பிடிபட்ட இறால் மாலையில் அவள் கல்லில் சுருண்டு சிவக்கும். வாய் சும்மா இருக்காது.

"மாமா, அந்த விபூதிய தொடச்சிட்டுச் சாப்புடுங்க. இறாலு பயந்துக்குது."

"விடு அமுதா," என்பான் ஆட்டோ ஓட்டும் செல்வம், எனக்குப் பக்கத்து ஸ்டூல்காரன். "மாமா வந்தாதான் இன்னைக்குப் பிரதோஷம்னே எனக்குத் தெரியுது. எங்க வூட்டுல கேலண்டர் வாங்கறதயே நிறுத்திட்டோம்."

"அண்ணே, ஜாஸ்தி சிரிக்காத, பழைய பாக்கி பேச்சை எடுத்துடப் போறேன்," என்பாள் அமுதா.

மாமா... அலுவலகத்தில் நான் 'சார்'. வீட்டில் 'ஏங்க'. எந்த உறவும் இல்லாத ஒருத்தி முறை வைத்து என்னைக் கூப்பிட்டது அந்த வண்டிக்கடையில்தான். திரும்பும் பஸ்ஸில் சோம்பை மென்று வாசனையைக் கொல்வேன். அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் வீடு வரை கொண்டுபோவேன்.

அந்தச் சொல்தான் என்னைப் பயமுறுத்தியது.

ஒருநாள் கமலா சொன்னாள்: "அடுத்த பிரதோஷத்துக்கு நானும் வர்றேங்க. நீங்க மட்டும் புண்ணியம் சேத்துக்கிட்டே போறீங்க."

அவளுக்கு முழங்கால் வலி. சுற்றுப்பாதையில் நடக்க முடியாது. பஸ் நிலையத்திலிருந்து கோயிலுக்குப் போகும் நேர்வழி அமுதாவின் வண்டியை உரசிக்கொண்டு போகும். அமுதா என்னைப் பார்ப்பாள். கரண்டியைத் தூக்கிக் காட்டிக் கூப்பிடுவாள். "என்னா மாமா, அத்தைய கூட்டியாந்திருக்கீங்க, இறால் வக்கட்டா?"

என்ன செய்திருக்க வேண்டும்? சொல்லுங்கள். அமுதாவிடம் போய், "இந்த ஒரு நாள் மட்டும் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதேம்மா" என்று சொன்னால் போதாதா? போதும். அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள், ஆறு மாதம் அதைச் சொல்லியே கேலி செய்திருப்பாள். அவ்வளவுதான்.

எனக்கு அந்த வாக்கியம் வாயில் வரவில்லை. வாழ்நாளில் யாரிடமும் எதையும் வாயால் கேட்டுப் பழகாதவன். எனக்குத் தாள் வேண்டும், பொருள் வேண்டும், பார்வை வேண்டும்.

எழுதினேன். 'மேற்படி முனையில் பக்தர்கள் செல்லும் பாதையை மறித்து, பொதுமக்களின் சுகாதாரத்திற்கும் வழிபடச் செல்வோரின் மனநிலைக்கும் ஒருங்கே ஊறு விளைவிக்கும் வகையில்...' என்று போனது. பெயர் போடவில்லை. கையெழுத்தை மாற்றக்கூட இல்லை. எதற்கு மாற்ற வேண்டும்? பெயரில்லாத மனு, கோப்பில் சேர்ந்து முடிந்துபோகும். என் மனக்கொதிப்பு அடங்கினால் சரி.

இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றுவரை ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. நடவடிக்கை வராது என்று நம்பியவன் ஏன் அதைத் தபாலில் சேர்த்தேன்? கிழித்துப்போட்டாலும் கொதிப்பு அடங்கியிருக்குமே...

அந்தப் பிரதோஷத்தன்று கமலா வரவில்லை. முழங்கால் வீங்கிவிட்டது. நான் மட்டும் போனேன். நிம்மதியாகத் தரிசனம் செய்தேன். நிம்மதியாக ஸ்டூலில் உட்கார்ந்தேன். இரண்டாவது இறாலைக் கடிக்கும்போது லாரி வந்து நின்றது.

எந்த அலுவலகத்து லாரி என்று சொல்லப் போவதில்லை. நான்கு பேர் இறங்கினார்கள். அதிகாரி ஒரு தாளை எடுத்து உரக்கப் படித்தார்.

"பொதுமக்களின் சுகாதாரத்திற்கும் வழிபடச் செல்வோரின் மனநிலைக்கும் ஒருங்கே ஊறு விளைவிக்கும் வகையில்..."

என் வாக்கியம். என் 'ஒருங்கே'.

வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வண்டியின் ஒரு பக்கத்தை ஏற்கெனவே தூக்கிவிட்டார்கள். சூடான கல் சரிந்து, எண்ணெய் தார்ச்சாலையில் ஓடியது. பிள்ளைகள் தட்டோடு விலகி நின்றார்கள்.

அமுதா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மாமா, நீங்க கவர்மெண்ட்டுல இருந்தவரு. கேளுங்க மாமா. எதுனா கேளுங்க."

எழுந்தேன். "முன் அறிவிப்பு கொடுத்தீர்களா?" என்று கேட்டேன். முறைப்படி அது சரியான கேள்வி.

அதிகாரி என்னை ஓரமாக அழைத்துப் போனார். பார்த்தவுடனே நம் ஆள் என்று தெரிந்துகொண்டிருப்பார் போலும். "மொட்டைக் கடுதாசிதான் சார். சாதாரணமா கெடப்புல போட்டிருப்போம். இது வேற. பிரிவு, உட்பிரிவு எல்லாம் போட்டு, கடைசியில மேலிடத்துக்கு நகல்னு வரிசையா எழுதியிருக்கான். எழுதுனவன் உள்ளாளு சார். நாளைக்கு எங்க தலை உருளும். எதுக்கு வம்பு?"

நகல்.

நான் அதைப் போட்டதே எனக்கு நினைவில்லை. மனு முடிந்தால் இடது கீழ்மூலையில் நகல் என்று எழுதி மூன்று பெயர்களைப் போடுவது என் கையின் பழக்கம். மூளையைக் கேட்காமல் கை செய்தது. அரைகுறையாக எழுதத் தெரிந்த ஒருவன் அந்த மொட்டைக் கடிதத்தை எழுதியிருந்தால் அமுதா இன்றும் தெற்கு வீதி முனையில்தான் நின்றிருப்பாள்.

நான் அதிகாரியிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்படியா" என்றேன்.

வண்டி சில நாளில் திரும்பக் கிடைத்தது. இடம் கிடைக்கவில்லை. மூடிக் கிடக்கும் ஒரு தியேட்டரின் பின் சந்தில் நிற்கச் சொன்னார்கள். அங்கே தெருவிளக்கு ஒன்று, நாய்கள் நான்கு. பிள்ளைகள் அவ்வளவு தூரம் வரவில்லை. வாரத்தில் மூன்று நாள் அமுதா இறால் கம்பெனிக்கு உரிக்கப் போக ஆரம்பித்தாள். ஐஸில் ஊறிய விரல் நுனிகள் வெளுத்திருந்தன. நானும் செல்வமும் மட்டும் பழையபடி வந்தோம்.

பழைய இடத்தைக் கேட்டு அவளுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். ஆமாம், நான்தான். என் மனுவை எதிர்த்து நானே. நிராகரித்துவிட்டார்கள். அன்று அவள் சொன்னாள்:

"எடம் போனா போவுது மாமா. எவன் எழுதுனான்னு மட்டும் தெரியணும். பேரு கூட வேணாம். எங்கிட்ட சாப்புட்டவனா, சாப்புடாதவனா... அது ஒண்ணுதான் தூங்க விட மாட்டேங்குது."

"தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டா மனுவோட ஜெராக்ஸ் குடுப்பாங்களாமே," என்று எடுத்துக் கொடுத்தான் செல்வம்.

அவளே தாள் வாங்கி வந்து, ஸ்டூலைத் துடைத்து, எதிரில் நின்றாள். எழுதினேன். ஆனால் 'ஏன் என் வண்டியை எடுத்தீர்கள்' என்று கேள்வியாக எழுதினேன். 'ஏன்' என்று கேட்டால் அது தகவல் அல்ல, விளக்கம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். தெரிந்தே எழுதினேன். திருப்பி அனுப்பினார்கள்.

அமுதா உதட்டைப் பிதுக்கினாள். "என்னா மாமா, உங்க எழுத்தயே திருப்பி அனுப்பிட்டான்?"

செல்வம் சிரித்தான். "மாமா ரிட்டையர் ஆயிட்டாருல்ல. பவர் கொறஞ்சிடுச்சி."

இந்த இடத்தில்தான் என்னை நீங்கள் சரியாகப் பார்க்க வேண்டும். ஒரு பெண்ணின் பிழைப்பு போனபோது 'அப்படியா' என்றதோடு நின்றவன், என் மனுவில் குறை இருக்கிறது என்றதும் துடித்துப்போனேன். அங்கேயே, அப்போதே இன்னொன்று எழுதினேன். எந்த அலுவலராலும் திருப்ப முடியாதது. 'மேற்படி மனுவின் முழு நகலை வழங்குக.' முப்பது நாளில் பதில் வரவில்லை என்றதும் முதல் மேல்முறையீடும் எழுதினேன். அதையும் குறையில்லாமல்.

அப்போதும் எனக்கு ஒரு விதி துணை இருந்தது. புகார் கொடுத்தவரின் அடையாளத்தைக் காக்க அலுவலகம் மறுக்கலாம். மறுப்பார்கள் என்று நம்பினேன். மறைக்கப் பெயரே இல்லாத மனுவில் எதை மறைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுத்தையும் யாராவது பார்ப்பார்கள் என்று தோன்றவில்லை.

கார்த்திகை பிறந்தது. பாதிப் பேர் மாலை போட்டுவிட்டார்கள்; சந்தில் ஒருவரும் இல்லை. அமுதா கல்லைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"உங்களுக்கு என்னா தோணுது மாமா? சாப்புட்டவனா, சாப்புடாதவனா?"

"சாப்பிடாதவனாத்தாம்மா இருக்கும். சாப்பிட்டவனுக்கு எழுத மனசு வருமா?"

"அப்பிடிங்கிறீங்க," என்றாள். எனக்கு இரண்டு இறால் கூடுதலாக வைத்தாள்.

அடுத்த பிரதோஷத்தில், நான் கை கழுவி எழுந்தபோது, "ஏதாச்சும் சொல்லணும்னா சொல்லுங்க மாமா. கேட்டுக்கறேன்," என்றாள்.

மேல்முறையீட்டைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்தேன். "பதில் வராவிட்டால் இரண்டாம் மேல்முறையீடு போடலாம்மா. தொண்ணூறு நாள் அவகாசம் இருக்கிறது," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள்.

மார்கழிப் பிரதோஷம். விபூதியோடு சந்துக்குள் நுழைந்தேன். செல்வம் என்னைக் கண்டதும் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கல்லில் இறால் சிவந்துகொண்டிருந்தது.

"வாங்க சார்," என்றாள் அமுதா.

சார்.

தட்டை வைத்தாள். வெங்காயம், எலுமிச்சை, எல்லாம் இருந்தன. தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு தாள்களை விரித்து, காற்றில் பறக்காமல் கரண்டியை வைத்தாள். ஒன்று, அவளுக்காக நான் எழுதிய விண்ணப்பத்தின் ஜெராக்ஸ். எதை அனுப்பினாலும் ஒரு நகல் வைத்துக்கொள் என்று சொல்லிக் கொடுத்தவன் நான்தான். மற்றொன்று, அலுவலகம் அனுப்பிய மொட்டைக் கடிதத்தின் ஜெராக்ஸ். இரண்டிலும் ஒரே 'ழ', ஒரே வால். இரண்டிலும் இடது கீழ்மூலையில் ஒரே நகல்.

"சாப்புட்டவன்தான்," என்றாள். குரலில் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "உக்காருங்க சார். ஆறிடும்."

உட்கார்ந்தேன். சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுந்து போக எனக்குத் துணிவு இல்லை. மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை... அதுவும் வரவில்லை. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் அலுவலகம் அனுப்பிய தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் வலது மேல்மூலையில், நீல மையில், பத்தாம் வகுப்பு வரை படித்த அமுதாவின் உருண்டையான எழுத்தில் ஒரு வரி இருந்தது. தபால் எது வந்தாலும் முதல் வேலையாக அதை எழுத வேண்டும் என்று அவளுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

அந்தத் தேதிக்குப் பிறகு நான் இரண்டு பிரதோஷங்களுக்கு வந்திருக்கிறேன். இரண்டு முறையும் அவள் என்னை மாமா என்றுதான் கூப்பிட்டாள். இரண்டு முறையும் கேட்டாள். இரண்டு முறையும் நான் பதில் சொன்னேன்.

பெற்ற நாள்: நவம்பர் 14.