யார் முதலில் நிற்பது

பாட்டில் ஃபேக்டரிக்குப் புது கம்ப்ரஸர் வாங்கும் பொறுப்பு ஃபிட்டர் தலையில் விழுந்தது. காற்று எவ்வளவு தரும், அழுத்தம் எவ்வளவு தரும் என்றெல்லாம் விற்க வந்தவரிடம் துருவித் துருவிக் கேட்டுவிட்டு, கடைசியில் கேட்டார்: “சத்தம் எவ்வளவு வருங்க?”

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏம்ப்பா, மெஷின் வாங்குறோமா, வீணை வாங்குறோமா?”

கம்ப்ரஸர் ரூமுக்கும் ஃபிட்டரின் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அதை ஒட்டிய கட்டிலில் இளைப்போடு படுத்துக் கிடந்தாள் அவர் மனைவி. பழைய மெஷின் தடதடக்கும்போதெல்லாம் சொல்வாள்: “அதுவும் மூச்சு வாங்குது, நானும் வாங்குறேன். யாரு முதல்ல நிக்கிறோம்னு பாத்துடலாம்.”

கெஞ்சிக் கூத்தாடிச் சத்தம் குறைந்த கம்ப்ரஸரையே வாங்க வைத்தார் ஃபிட்டர். அது லாரியில் வந்து இறங்குவதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

புதியதைப் பொருத்தி முடித்ததும், “பழசை நிறுத்துப்பா” என்றார் முதலாளி. நாசமாய்ப் போகிற மெஷின் என்று தினமும் வாய் ஓயாமல் திட்டியவர்தான் ஃபிட்டர். ஆனாலும் சுவிட்சுக்குப் போன கை அந்தரத்திலேயே நின்றது.

“கொஞ்ச நேரம் இருக்கட்டுங்க” என்றார் ஃபிட்டர். “அதுவாவது மூச்சு வாங்கட்டும்.”